அமெரிக்கக் கார் பந்தயத்தின் மும்முடி: எந்த மூன்று பந்தயங்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜனவரியில் டேட்டோனாவில் சீசன் தொடங்கிவிட்டால் போதும், என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும்: அமெரிக்காவுக்கென்று ஒரு டிரிபிள் கிரௌன் வைத்தால் அதில் எந்தெந்தப் பந்தயங்கள் வரும்? ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். என் பட்டியலைக் கேட்டதும் சண்டைக்கு வருவார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

முதல்ல டிரிபிள் கிரௌன்னா என்ன? அதை யார் குடுக்குறாங்க?

சொல் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்றையும் ஒரே ஆண்டில் ஜெயிக்கும் மூன்று வயதுக் குதிரைக்கு அந்தப் பெயர். 1919-இல் சர் பார்ட்டன் தொடங்கி 2018-இல் ஜஸ்டிஃபை வரை 13 குதிரைகள்தான் அதைச் செய்திருக்கின்றன. கார் பந்தயத்தில், எல்லா வகைகளையும் சேர்த்து அமெரிக்காவுக்கென்று அப்படி யாரும் அறிவித்தது இல்லை. கோப்பையும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. ரசிகர்கள் வாதாடி வாதாடி உண்டாக்கிய கௌரவம் இது.

நான் இதை மும்முடி என்றே எழுதுகிறேன். ராஜராஜனுக்கு மும்முடிச் சோழன் என்று ஒரு பட்டம் உண்டு. சோழ, சேர, பாண்டிய முடிகள் மூன்றும் ஒரே தலையில் என்று பொருள். மூன்றும் வேறு வேறு நாட்டு முடிகள் என்பதைக் கவனியுங்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல்.

ஏற்கெனவே மொனாக்கோ, இண்டி, லு மான்ஸ்னு ஒண்ணு இருக்கே. அமெரிக்காவுக்குத் தனியா எதுக்கு?

மொனாக்கோவின் ஃபார்முலா ஒன் பந்தயம், இண்டியானாபொலிஸ் 500, பிரான்ஸின் லு மான்ஸ் 24 மணி நேரம் மூன்றும் சேர்ந்த அந்த உலக மும்முடியை முழுதாக ஜெயித்தவர் ஒரே ஒருவர், இங்கிலாந்தின் கிரஹாம் ஹில். மொனாக்கோவில் ஐந்து முறை, 1966-இல் இண்டியானாபொலிஸ், 1972-இல் லு மான்ஸ். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதில் ஸ்டாக் கார் (பார்வைக்குச் சாலையில் ஓடும் கார் போலவே இருக்கும் பந்தயக் கார்) பந்தயத்துக்கு இடமே இல்லை. அமெரிக்கர்கள் அதிகம் பார்த்து வளர்ந்த பந்தயம் அதுதான். கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா பக்கத்து மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் வளர்த்த ஒரு முழுக் கலையை விட்டுவிட்டு எழுதும் பட்டியல் ஐரோப்பாவிலிருந்து பார்த்து எழுதிய பட்டியல்.

சரி, சுத்தி வளைக்காம உங்க மூணு எதுன்னு சொல்லுங்க.

இண்டியானாபொலிஸ் 500. டேட்டோனா 500. செப்ரிங் 12 மணி நேரம்.

முதல் இரண்டில் யாரும் சண்டை போடுவதில்லை. சக்கரம் வெளியே தெரியும் ஃபார்முலா வகைக் கார்களுக்கு இண்டி, ஸ்டாக் கார்களுக்கு டேட்டோனா. மூன்றாவது ஸ்போர்ட்ஸ் கார்களின் நெடுநேரப் பந்தயம். அங்கேதான் பெரும்பாலோர் டேட்டோனா 24 மணி நேரத்தைச் சொல்வார்கள். நான் ஏன் செப்ரிங் என்கிறேன் என்பதை அதற்கான கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

இண்டியில இடது பக்கமாவே திரும்பித் திரும்பிச் சுத்துறாங்க. அதுல அப்படி என்ன கஷ்டம்?

இரண்டரை மைல் சுற்று, 200 சுற்றுகள், 33 கார்கள். நான்கு திருப்பங்களும் வரைபடத்தில் ஒரே அச்சு. சாய்வு 9 டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தகுதிச் சுற்றில் மணிக்கு 370 கிலோமீட்டரைத் தாண்டி வருபவர்களை அந்தச் சாய்வு தாங்கிப் பிடிக்காது. காற்று கொஞ்சம் திசை மாறினாலும் முந்தின சுற்றில் இருந்த திருப்பம் இந்தச் சுற்றில் இருக்காது. பக்கத்தில் சுவர். தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இடம் கிடையாது.

1911-இல் முதல் 500-ஐ ஜெயித்த ரே ஹாருன் மணிக்குச் சராசரி 74.6 மைல் ஓட்டினார். அந்தக் காலத்தில் தரை முழுவதும் செங்கல். இப்போது முடிவுக் கோட்டில் ஒரு கெஜ அகலத்துக்கு மட்டும் பழைய செங்கல்லை விட்டு வைத்திருக்கிறார்கள். 2006-இல் 19 வயது மார்க்கோ ஆண்ட்ரெட்டி கடைசி நேர்பாதையில் முன்னால் வந்துகொண்டிருந்தார். சாம் ஹார்னிஷ் பின்னாலிருந்து வந்து அந்தச் செங்கல் வரிசைக்குக் கொஞ்சம் முன்னால் அவரைத் தாண்டினார். வித்தியாசம் 0.0635 விநாடி. 500 மைல் ஓடிய பிறகு அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

டேட்டோனா 500 லாட்டரி மாதிரிதானே? கடைசிச் சுத்துல பத்துப் பேர் மோதிக்குவாங்க, தப்பிச்சவன் ஜெயிப்பான்.

அதிர்ஷ்டத்தின் பங்கு மற்ற இரண்டையும்விட இங்கே அதிகம். மறுக்க மாட்டேன். 2011-இல் டிரெவர் பெய்ன் 20 வயது முடிந்த மறுநாள், முதல்நிலைத் தொடரில் தன் இரண்டாவது பந்தயத்திலேயே ஜெயித்தார். ஆனால் வெறும் லாட்டரி என்றால் ரிச்சர்ட் பெட்டி ஏழு முறையும் கேல் யார்பரோ நான்கு முறையும் எப்படி ஜெயித்தார்கள்? 31 டிகிரி சாய்ந்த திருப்பத்தில் நாற்பது கார்கள் உரசாத குறையாகப் போகும்போது, முன்னால் போகிறவர் கிழித்த காற்றில் எப்போது ஒட்டுவது, எப்போது விலகுவது, பின்னால் தள்ளித்தர யாரை நம்புவது என்பதெல்லாம் கற்று வர வேண்டிய வித்தை.

டேல் எர்ன்ஹார்ட் அந்தப் பாதையில் மற்றப் பந்தயங்களை அள்ளிக் குவித்தவர். 500 மட்டும் கை நழுவிக்கொண்டே இருந்தது. 1990-இல் முன்னிலையில் இருந்தபோது கடைசிச் சுற்றில் டயர் போயிற்று. 1998-இல், 20-ஆவது முயற்சியில், ஜெயித்தார். கார்கள் டயர் மாற்ற நிற்கும் பிட் சாலையில் அவர் மெதுவாகக் கார் ஓட்டி வர, எதிரணி ஊழியர்களெல்லாம் வரிசையாக வந்து நின்று ஜன்னல் வழியாக அவர் கையைத் தொட்டார்கள். லாட்டரியில் ஜெயித்தவனுக்கு யாரும் அப்படி வரிசையில் நிற்பதில்லை. மூன்றே ஆண்டில், 2001-இல், அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவர் உயிர் போனது.

24 மணி நேரப் பந்தயம் இருக்கும்போது 12 மணி நேரப் பந்தயத்தைப் பிடிச்சுத் தொங்குறீங்களே, ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதல் காரணம் மும்முடி என்ற சொல்லிலேயே இருக்கிறது. டேட்டோனா 24 மணி நேரப் பாதை, 500 ஓடும் அதே வட்டத்தின் பெரும்பகுதியையும் உள்ளே போட்ட வளைவுச் சாலையையும் சேர்த்த 3.56 மைல். அதே சுவர், அதே சாய்வு, மூன்று நான்கு வார இடைவெளி. மூன்றில் இரண்டை ஒரே ஊருக்குக் கொடுத்தால் அது ஒரு நாட்டில் இரண்டு முடி வாங்கின கதை.

இரண்டாவது காரணம் தரை. செப்ரிங் இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானிகளைப் பயிற்றுவித்த ஹெண்ட்ரிக்ஸ் விமானத்தளம். அன்று ஊற்றிய கான்கிரீட் பாளங்களின் மேல்தான் இன்றைக்கும் பாதையின் ஒரு பகுதி போகிறது. பாளத்துக்குப் பாளம் நடுவே ஒரு இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் கார் ஒரு முறை எகிறும். 17-ஆவது திருப்பத்தில் காருக்குள் இருக்கும் கேமராவைப் பாருங்கள். ஓட்டுநரின் ஹெல்மெட் ஆடிக்கொண்டே இருக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கும், கண் மட்டும் அசையாமல் திருப்பத்தின் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு மணி நேரம். காலை வெயிலில் கிளம்பி இரவு இருட்டில் முடியும். லு மான்ஸுக்குப் போகிற பெரிய அணிகள் காரைச் சோதிக்க இங்கே கொண்டு வந்ததற்கும் இந்தத் தரைதான் காரணம்.

மூன்றாவது, வயது. செப்ரிங் 12 மணி நேரம் 1952-இல் தொடங்கியது. உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே 1953 செப்ரிங்தான், அதை ஜெயித்தது கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கக் கார். டேட்டோனா 24 மணி நேரமாக ஆனது 1966-இல். டேட்டோனாவின் நீளமான ஜனவரி இரவு கடினமானது, ஜெயித்தவர்களுக்கு ரோலெக்ஸ் கடிகாரம், பெயரும் அதிகம். அதை முதலிடத்தில் வைப்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. அவர்கள் நேரத்தை அளக்கிறார்கள், நான் தரையை அளக்கிறேன்.

செப்ரிங்கும் ஃபுளோரிடாதானே?

ஆமாம். மாநிலம் ஒன்று, பாதை வேறு. ஒன்று கடலோர நகரத்தின் சாய்வு வட்டம், இன்னொன்று உள்நாட்டு ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே கிடக்கும் தட்டையான விமானத்தளம். அங்கே கற்றது இங்கே உதவாது.

நெடுநேரப் பந்தயத்துல ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுறாங்க. அதை ஒருத்தரோட வெற்றின்னு எப்படிக் கணக்கு வைக்கிறது?

நியாயமான சந்தேகம். அணியில் பலவீனமானவரும் கோப்பையோடு வீடு போக முடியும். ஆனால் அடுத்தவரிடம் காரை உடையாமல் ஒப்படைப்பது தனித் திறமை. தனியாளாக ஓட்டிப் பழகியவர்களுக்கு அது வருவது கடினம்.

1970 செப்ரிங்கை நினைத்துப் பாருங்கள். மரியோ ஆண்ட்ரெட்டியின் ஃபெராரி முன்னிலையில் இருந்தது, பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் பழுதாகி நின்றுவிட்டது. அப்போது முதலிடம் பீட்டர் ரெவ்ஸனும் நடிகர் ஸ்டீவ் மெக்குவீனும் ஓட்டிய சின்னப் போர்ஷேவுக்கு வந்தது. மெக்குவீன் உடைந்த காலில் மாவுக்கட்டோடு ஓட்டிக்கொண்டிருந்தார், பெரும்பங்கு நேரம் ஓட்டியது ரெவ்ஸன். ஃபெராரிக்காரர்கள் ஆண்ட்ரெட்டியைத் தங்களுடைய இன்னொரு காரில் ஏற்றிவிட்டார்கள். அது வேறு இருவர் பகலெல்லாம் ஓட்டி வந்த கார். இருட்டில் துரத்திப் பிடித்து, அரை நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வெற்றி அந்த இருவருடையதும்தான், ஆண்ட்ரெட்டியுடையதும்தான். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

பிரிக்யார்டு 400, கோகோ கோலா 600, சதர்ன் 500 எல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?

ஒரு பாவமும் பண்ணவில்லை. மூன்றும் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பினுடையவை. டார்லிங்டனின் சதர்ன் 500 டேட்டோனாவைவிட மூத்தது, 1950-இலிருந்து ஓடுகிறது. ஓட்டுநரின் கையை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுவே கடினம் என்பேன். ஆனால் ஸ்டாக் காருக்கு ஒரு முடிதான் உண்டு. அந்தத் துறையின் ஓட்டுநர்களைக் கேட்டாலும் பெரும்பாலோர் டேட்டோனாவைத்தான் சொல்வார்கள். பிரிக்யார்டு 400 இண்டி பாதையிலேயே 1994-இல் தொடங்கியது, ஊர் விஷயத்தில் டேட்டோனா 24-க்குச் சொன்ன பதில் இதற்கும் பொருந்தும்.

ஃபார்முலா ஒன் இருக்கே? லாங் பீச்?

ஃபார்முலா ஒன்னின் அமெரிக்கப் பந்தயம் வாட்கின்ஸ் கிளென், டெட்ராய்ட், டல்லாஸ், ஃபீனிக்ஸ், இண்டியானாபொலிஸ், ஆஸ்டின் என்று ஊர் ஊராக அலைந்தது. வேரில்லாததற்கு முடி சூட்ட முடியாது. லாங் பீச் 1975-இலிருந்து ஒரே ஊரில் நிற்கிறது. அமெரிக்கத் தெருப் பந்தயங்களில் அதற்கு இணை இல்லை. ஆனால் இப்போது அதில் ஓடுவதும் இண்டி கார்களே.

மண் தரைப் பந்தயம், டிராக் ரேஸ், மலையேற்றம் இதெல்லாம் அமெரிக்கா இல்லையா?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. அயோவாவின் நாக்ஸ்வில்லில் 1961 முதல் அரை மைல் மண் வட்டத்தில் ஓடும் ஸ்பிரிண்ட் கார் பந்தயம், கொலராடோவில் 1916 முதல் 156 திருப்பங்களோடு மேகத்துக்குள் ஏறும் பைக்ஸ் பீக், இண்டியானாபொலிஸ் பக்கத்தில் செப்டம்பரில் நடக்கும் டிராக் ரேஸ் (நேர்கோட்டில் சீறும் குறுந்தூரப் பந்தயம்) யு.எஸ். நேஷனல்ஸ் மூன்றும் அமெரிக்க மண்ணின் சொத்து. நான்கு முடி என்றால் நாக்ஸ்வில்லை அடுத்த நிமிடமே சேர்ப்பேன். மூன்று என்றால் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன்னாடியே இண்டி கார்ல ஒரு டிரிபிள் கிரௌன் இருந்ததாமே?

இருந்தது. 1971-இல் தொடங்கி இண்டியானாபொலிஸ், போகோனோ, கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ என்ற மூன்று 500 மைல் பந்தயங்கள். மூன்றையும் ஒரே ஆண்டில் ஜெயித்தவர் 1978-இல் ஆல் அன்ஸர் ஒருவர்தான். ஒன்டாரியோ மூடப்பட்ட பிறகு மிச்சிகன் வந்தது, பிறகு அந்த வழக்கமே போனது. 2013-இல் பத்து லட்சம் டாலர் பரிசோடு திரும்பக் கொண்டு வந்தார்கள், யாரும் வாங்கவில்லை. நாஸ்காரும் 1985-இலிருந்து நான்கு பெரிய பந்தயங்களில் மூன்றை ஒரே ஆண்டில் ஜெயித்தால் பத்து லட்சம் டாலர் என்று வைத்தது. பில் எலியட் முதல் வருடமே வாங்கினார், 1997-இல் ஜெஃப் கார்டன் வாங்கினார். இவையெல்லாம் ஒரே துறைக்குள் நடந்தவை.

உங்க பட்டியல்படி யார் யார் முடிச்சிருக்காங்க?

இருவர். ஏ. ஜே. ஃபாய்ட்: இண்டியில் 1961, 1964, 1967, 1977, டேட்டோனா 500-இல் 1972, செப்ரிங்கில் 1985, பாப் வோலெக்கோடு, 50 வயதில். மரியோ ஆண்ட்ரெட்டி: டேட்டோனா 500-இல் 1967, இண்டியில் 1969, செப்ரிங்கில் 1967, 1970, 1972.

1967-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். பிப்ரவரி 26-இல் 26 வயது ஆண்ட்ரெட்டி டேட்டோனாவை ஜெயிக்கிறார். ஏப்ரல் 1-இல் புரூஸ் மெக்லாரனோடு செப்ரிங்கை ஜெயிக்கிறார். மே மாதம் இண்டியில் முதலிடத்திலிருந்து கிளம்புகிறார். மூன்றும் ஒரே வசந்தத்தில் கைக்கு எட்டும் தூரம். சக்கரம் கழன்றது. அந்தப் பந்தயத்தில் பார்னெல்லி ஜோன்ஸின் டர்பைன் கார் எல்லோரையும் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்து, முடிய மூன்று நான்கு சுற்று இருக்கும்போது நின்றது. ஜெயித்தது ஃபாய்ட். அடுத்த மாதமே அவர் டான் கர்னியோடு லு மான்ஸையும் ஜெயித்தார்.

அப்போ ஒரே வருஷத்துல மூணையும் யாரும் ஜெயிக்கலையா? ஜெயிச்சாத்தானே டிரிபிள் கிரௌன்?

யாரும் இல்லை, முந்தின பதிலில் சொன்ன ஆண்ட்ரெட்டிதான் வாசல் வரை போனவர். ஒரே ஆண்டு என்ற விதி குதிரைக்குப் பொருந்தும், அதற்கு மூன்று வயது ஒரு முறைதான் வரும். ஓட்டுநருக்கு வாழ்நாள் போதும்.

ஆண்ட்ரெட்டி 1972-ல டேட்டோனா நெடுநேரப் பந்தயத்தையும் ஜெயிச்சாரே, பிரபலமான பட்டியல்படியும் அவர் முடிச்சவர்தானே?

ஜாக்கி இக்ஸோடு ஜெயித்தார். ஆனால் அந்த ஓர் ஆண்டு மட்டும் பந்தயம் 6 மணி நேரமாக நடத்தப்பட்டது. 24 மணி நேரத்தை மூன்றாவதாக வைப்பவர்கள் ஆண்ட்ரெட்டியை உள்ளே விடுவதா வேண்டாமா என்று இன்றைக்கும் முட்டி மோதுகிறார்கள். சந்தேகமில்லாமல் உள்ளே வருபவர் 1983-இலும் 1985-இலும் அங்கே ஜெயித்த ஃபாய்ட் மட்டும். செப்ரிங்கை வைத்தால் அந்தச் சிக்கலே எழாது.

மழையில பாதியில முடிஞ்ச 500-ஐ மட்டும் ஒத்துக்கிறீங்களே? அது 500 மைலா?

1976 இண்டி 255 மைலில் நின்றது, ஜானி ரதர்ஃபோர்டு ஜெயித்தார். 2009 டேட்டோனா 152 சுற்றில் நின்றது, மாட் கென்செத் ஜெயித்தார். இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் 500 மைலுக்குத் தயாராகிக் கிளம்பினார்கள், வானம் நிறுத்தியது. 1972 டேட்டோனா ஆறு மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லி நடத்தியது. காரை எவ்வளவு விரட்டலாம் என்ற கணக்கே அதில் வேறு.

இதற்கு எதிராக ஒருவர் 1974-ஐ நீட்டினார். எண்ணெய் நெருக்கடியால் அந்த ஆண்டு டேட்டோனா 500-ஐ 450 மைலாக முன்கூட்டியே குறைத்தார்கள், செப்ரிங் நடக்கவே இல்லை. சரியான அடி, என் விதி அங்கே ஆட்டம் காண்கிறது. பத்தில் ஒரு பங்கு குறைவதும் நான்கில் மூன்று பங்கு குறைவதும் ஒன்றில்லை என்பது என் பதில். அன்று ஜெயித்தவர் ரிச்சர்ட் பெட்டி, அது போனாலும் அவருக்கு ஆறு மிச்சம் இருக்கும்.

பெண்கள் யாராவது மூணுலயும் ஓடியிருக்காங்களா?

ஜேனட் கத்ரி. 1960-களிலேயே செப்ரிங்கில் ஓடியவர். 1977-இல் டேட்டோனா 500-இலும் இண்டியிலும் தொடங்கிய முதல் பெண்ணும் அவரே. டானிகா பேட்ரிக் 2009 இண்டியில் மூன்றாவதாக வந்தார், 2013 டேட்டோனா 500-இல் முதலிடத்திலிருந்து கிளம்பினார்.

நம்ம கோயம்புத்தூர் நரேன்?

நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் ட்ரக் தொடரில் ஓட்டினார், ரசிகர்கள் வாக்களிக்கும் பிரபல ஓட்டுநர் விருதும் அந்த ஆண்டு அவருக்கே. அது டேட்டோனா 500 ஓடும் தொடருக்கு இரண்டு படி கீழே உள்ளது.

இப்ப இருக்கிறவங்கள்ல யாராவது முடிப்பாங்களா?

ஃபாய்ட் காலத்தில் யார் கூப்பிட்டாலும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய் ஏறிவிடலாம். இப்போது ஒப்பந்தம் கட்டிப்போடுகிறது. நாஸ்காரில் டொயோட்டாவுக்கு ஓட்டுபவர் இண்டிக்குப் போனால் ஏறுவதற்கு ஹோண்டாவும் செவர்லேயும்தான் இருக்கின்றன. அங்கேயே பேச்சு முடிந்துவிடும். ரயன் ஹண்டர்-ரே 2014 இண்டியையும் 2020 செப்ரிங்கையும் கையில் வைத்திருக்கிறார், டேட்டோனா 500 பாக்கி. ஹுவான் பாப்லோ மொன்டோயாவுக்கு இரண்டு இண்டியும் மூன்று டேட்டோனா 24 மணி நேரமும் உண்டு, ஆனாலும் அந்த 500 அவரிடம் இல்லை. இண்டியை நான்கு முறை ஜெயித்த ஹீலியோ காஸ்ட்ரோநெவெஸ் 2025-இல், 49 வயதில், டேட்டோனா 500-இல் முதல் முறையாக ஏறினார். பின்வரிசையில் கிளம்பினார், விபத்தில் முடிந்தது. எதிர்த்திசையில் கைல் லார்சன் நாஸ்கார் பக்கத்திலிருந்து வந்து 2024-இலும் 2025-இலும் இண்டியில் ஓடினார். இந்த இரண்டு பேரும் கேட்டு வாங்கி ஏறினார்கள் என்பதால்தான் இந்தக் கேள்விக்கு நான் இன்னும் ‘இல்லை’ என்று எழுதவில்லை.